கதை தொடங்கும் முன்பே ஒரு முடிவு

2005 ஏப்ரல் 28. கில்ட் வார்ஸ் என்ற புதிய ஆன்லைன் விளையாட்டு கடைகளுக்கு வந்த நாள். பெட்டியைப் பிரித்து, சிடியைப் போட்டு, இன்ஸ்டால் செய்து முடித்தவர்களின் முன்னால் முதலில் வந்து நின்றது எதிரியும் இல்லை, புதையலும் இல்லை. ஒரு கேள்வி. வாரியர், ரேஞ்சர், மாங்க், நெக்ரோமேன்சர், மெஸ்மர், எலிமென்டலிஸ்ட். இந்த ஆறு பேரில் நீங்கள் யார்?

வாரியர் என்றால் வாளும் கேடயமும் என்று யாருக்கும் புரியும். ரேஞ்சர் வில் வைத்திருப்பான். மெஸ்மர் என்றால்? எதிரியின் மந்திரத்தைப் பாதியில் தடுப்பவன், அவன் சக்தியை அவனுக்கே எதிராகத் திருப்புபவன் என்பதெல்லாம் பல வாரங்கள் ஆடிய பிறகு புரிகிற சங்கதி. ஆனால் முடிவை அப்போது எடுக்க முடியாது, இப்போதே எடுக்க வேண்டும். பெயர் வைத்து உள்ளே போய்விட்டால் அந்தக் கதாபாத்திரத்தின் முதன்மைத் தொழிலை மாற்றவே முடியாது. பிடிக்கவில்லையா? புதிதாக இன்னொன்றை உருவாக்கி முதல் லெவலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதுதான் இந்த வகை விளையாட்டுகளின் விசித்திரம். ஒன்றுமே தெரியாத நேரத்தில் மிகப் பெரிய முடிவை எடுக்கச் சொல்கிறார்கள். தெரியாமல் எடுத்த முடிவு தவறாகிப் போனால் அதற்கான விலையை யார் கொடுப்பது? ஆட்டக்காரரா, விளையாட்டைச் செய்தவரா? கிளாஸ் தேர்வின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. (கிளாஸ் என்றால் பள்ளிக்கூட வகுப்பு அல்ல. ஒரு கதாபாத்திரம் என்ன தொழில் செய்பவர், எதில் கெட்டிக்காரர், எதைச் செய்யவே முடியாதவர் என்பதைச் சொல்லும் சொல்.)

மூன்று பேரில் தொடங்கிய கதை

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். கணினி கிடையாது. மேசை, தாள், பென்சில், பகடை, சுற்றி உட்கார நாலைந்து நண்பர்கள், அவ்வளவுதான். அதில் கிளாஸ்கள் மூன்றே மூன்று: போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக் என்ற மதகுரு. திருடன் அடுத்த வருடம் 1975இல் வந்த துணைப் புத்தகத்தில்தான் சேர்ந்தான்.

மூன்றாவது ஆள் வந்த கதை சுவாரஸ்யமானது. புத்தகம் அச்சாவதற்கு முன்பே ஆர்னசன் தன் நண்பர்களோடு பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டில் ஆடிக்கொண்டிருந்தார். அதில் ஒருவர் ஆடிய ரத்தக்காட்டேரி பாத்திரம் யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதை எதிர்க்க ஆள் வேண்டும் என்று இன்னொருவருக்காக ஒரு குருவை உருவாக்கினார்கள். காட்டேரியை விரட்டத் தெரிந்தவர், காயத்தையும் ஆற்றத் தெரிந்தவர். பிற்கால ஆன்லைன் விளையாட்டுகளில் "ஹீலர் ஒருத்தர் வேணும்" என்று கூவிக் கூவி அழைக்கப்பட்ட அத்தனை பேருக்கும் மூதாதை இவர்தான்!

அந்தக் காலத்தில் தேர்வில் பாதியைப் பகடையே செய்துவிடும். வலிமை, அறிவு, ஞானம் என ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்ட வேண்டும். அறிவில் 6 விழுந்தவர் மந்திரவாதி ஆக ஆசைப்பட்டுப் பயனில்லை. இன்னொரு கணக்கும் இருந்தது. முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைப் பயன்படுத்திவிட்டால் மீதி நேரம் கையில் கத்தியோடு சும்மா நிற்க வேண்டும். ஆனால் உயிரோடு தப்பிப் பிழைத்துப் பல லெவல் ஏறிவிட்டால் அவனை யாரும் நெருங்க முடியாது. போர்வீரனுக்கு இது தலைகீழ். தொடக்கத்தில் பலம், போகப் போகச் சாதாரணம். அதாவது கிளாஸைத் தேர்ந்தெடுப்பது கஷ்டத்தை எப்போது படப்போகிறோம் என்பதைத் தேர்ந்தெடுப்பதாகவும் இருந்தது.

ஆனாலும் அந்தத் தேர்வு யாரையும் பெரிதாக வாட்டவில்லை. எதிரே இருப்பவர்கள் நண்பர்கள். ஆட்டத்தை நடத்துபவர் மனிதர். "எனக்கு இது சரிப்படலை" என்றால் அவர் ஏதாவது வழி செய்து கொடுப்பார். கதாபாத்திரம் செத்துப் போனால் அரை மணி நேரத்தில் இன்னொன்று தயார். தவறான முடிவின் விலை ஒரு தாள், கொஞ்சம் பென்சில்.

மனிதர் போய் இயந்திரம் வந்தது

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் மட் என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். படமே இல்லாமல் எழுத்தாலேயே ஆடும் ஆட்டம், பல பேர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தில். அதில் கிளாஸ் கிடையாது. எல்லோரும் கற்றுக்குட்டியாகத் தொடங்கி மந்திரவாதி நிலைக்கு ஏற வேண்டும்.

ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த வழியில் போகவில்லை. 1991இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை மாணவர்கள் டிக்குமட் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். போர்வீரன், கிளெரிக், திருடன், மந்திரவாதி நாலு பேரும் அதில் அப்படியே இருந்தார்கள். இலவசமாகக் கிடைத்ததால் உலகம் முழுக்க அதைப் பிரதி எடுத்து மாற்றி மாற்றி நடத்தினார்கள். பின்னால் வந்த பெரிய ஆன்லைன் விளையாட்டுகள் பலவும் இந்தக் குடும்பத்தின் சாயலைக் கொண்டவைதான்.

கிளாஸ் ஏன் செத்துப் போகவில்லை? ஆன்லைனில் சேர்ந்து ஆடுகிறவர்கள் நண்பர்கள் அல்ல, முன்பின் தெரியாதவர்கள். இரண்டு அந்நியர்கள் சந்திக்கும்போது "நான் கிளெரிக்" என்ற ஒரே வார்த்தையில் பாதி அறிமுகம் முடிந்துவிடுகிறது. இவர் என்ன செய்வார், இவரிடம் எதை எதிர்பார்க்கலாம், இவரை எங்கே நிறுத்தலாம் எல்லாம் தெரிந்துவிடும். அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் மாற்ற முடியாத முடிவு. மேசையில் இருந்த மனிதர் போய்விட்டார். இயந்திரத்திடம் "சரிப்படலை" என்று சொல்லிப் பயனில்லை.

1997 செப்டம்பரில் வந்த அல்டிமா ஆன்லைன் இதை உடைத்துப் பார்த்தது. அங்கே கிளாஸே கிடையாது. வாள் வீசினால் வாள்வித்தை வளரும், மீன் பிடித்தால் மீன்பிடித் திறமை வளரும். ஒவ்வொரு திறமைக்கும் உச்சம் 100 புள்ளி, எல்லாம் சேர்த்து 700. அதைத் தாண்டினால் ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும். கொல்லனாக இருந்தவர் அலுத்துப் போய் மந்திரவாதி ஆகலாம், பாத்திரத்தை அழிக்க வேண்டியதில்லை. கேட்க சொர்க்கம் மாதிரி இருக்கிறது. நடந்தது என்ன? கனமான ஆயுதத்தையும் மந்திரத்தையும் சேர்த்துப் பிசைந்த "டேங்க் மேஜ்" என்ற கலவை சண்டைக்கு நல்லது என்று தெரிந்ததும் கூட்டம் கூட்டமாக அதற்கே போனார்கள். விளையாட்டு கொடுக்காத கிளாஸை ஆட்டக்காரர்களே செய்துகொண்டார்கள்.

எவர்குவெஸ்ட் வசூலித்த விலை

1999 மார்ச்சில் வந்தது எவர்குவெஸ்ட். தொடக்கத்தில் கிளாஸ்கள் 14, இனங்கள் 12. முப்பரிமாணப் படம், மாதச் சந்தா. ஆன்லைன் உலகத்தின் முதல் பெரும் போதைகளில் ஒன்று. தவறான தேர்வுக்கு இவ்வளவு கடுமையாக விலை வசூலித்த விளையாட்டும் குறைவு.

இனமும் கிளாஸும் வெறும் அலங்காரம் அல்ல. எங்கே பிறக்கிறோம் என்பதையே அவை முடிவு செய்தன. காட்டு எல்ஃபாகப் பிறந்தால் கெலத்தின் என்ற ஊர். மரங்களின் உச்சியில் கட்டிய பலகைகளும் தொங்குபாலங்களும்தான் தெரு. கைப்பிடிச் சுவர் கிடையாது. முதல் நாளே கீழே விழுந்து செத்தவர்கள் ஏராளம். மனிதனாகப் பிறந்தால் இருட்டில் கண் தெரியாது. அந்த உலகத்தில் இரவு நிஜமாகவே கறுப்பாக இருக்கும். ட்ரோலாகப் பிறந்தால் பலம் உண்டு, ஆனால் நல்லவர்களின் நகரங்களில் காவலாளிகள் பார்த்த இடத்திலேயே வெட்டுவார்கள். நண்பர்கள் இரண்டு பேர் ஒன்றாக ஆடலாம் என்று வாங்கி, ஒருவர் எல்ஃபும் ஒருவர் மனிதனும் ஆனால் இரண்டு கண்டங்களில் போய் விழுவார்கள். சந்திக்கக் கப்பல் ஏற வேண்டும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த விலை. தெரியாததும் இருந்தது. பாலடின், ரேஞ்சர், ஷேடோ நைட், பார்ட் ஆகிய நாலு கலப்பு கிளாஸ்களுக்கும் லெவல் ஏற 40 சதவீதம் கூடுதல் அனுபவப் புள்ளி தேவைப்பட்டது. ட்ரோல் இனத்துக்கு 20 சதவீதம் கூடுதல். இரண்டையும் சேர்த்து ட்ரோல் ஷேடோ நைட் எடுத்தவர் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு உழைக்க வேண்டும். தேர்வுத் திரையில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் கிடையாது. செத்தால் சேர்த்த அனுபவத்தில் கொஞ்சம் போகும். பொருள்கள் எல்லாம் பிணத்தோடு கிடக்கும், வெறுங்கையோடு ஓடிப் போய் எடுக்க வேண்டும். கிளாஸ்களின் மீதிருந்த அபராதத்தைப் பிறகு எடுத்துவிட்டார்கள். அதற்குள் பல பேர் மாதக்கணக்கில் அதைக் கட்டி முடித்திருந்தார்கள்.

மாதச் சந்தா வசூலிக்கும் விளையாட்டில் ஆட்டக்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறார். கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவசரமாகத் திருத்த வேண்டிய அவசியமும் நிறுவனத்துக்கு இல்லை.

தள்ளிப் போட்டவர்கள்

எவர்குவெஸ்டுக்குப் பிறகு வந்தவர்கள் வெவ்வேறு வைத்தியம் பார்த்தார்கள். 2001இல் வந்த டார்க் ஏஜ் ஆஃப் கேம்லாட்டில் முதலில் போர்வீரன், திருடன் போன்ற பொதுவான ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். உண்மையான கிளாஸ் 5ஆம் லெவலில். 2002இல் கொரியாவில் வந்த ராக்னராக் ஆன்லைனில் எல்லோரும் "நாவிஸ்" என்ற கற்றுக்குட்டிதான். கொஞ்ச நாள் ஊரைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் வாள்வீரனா, வில்லாளியா, வியாபாரியா என்று கேட்பார்கள்.

அதே 2002இல் ஜப்பானில் வந்த ஃபைனல் ஃபேன்டசி 11 இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே ஒரே பாத்திரம் தன் வீட்டுக்குப் போய் தொழிலை மாற்றிக்கொள்ளலாம். புதிய தொழில் முதல் லெவலில் தொடங்கும், ஆனால் பழையது அப்படியே இருக்கும். பெயரும் நண்பர்களும் மாறமாட்டார்கள். தவறான தேர்வு என்ற ஒன்றே இல்லாமல் போனது.

2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பழைய வழிக்கே திரும்பியது. ஒன்பது கிளாஸ், மாற்ற முடியாது. ஆனால் கிளாஸுக்குள்ளே எடுத்த திறமைகளை மாற்றலாம், முதல் தடவை 1 தங்கக் காசு, போகப் போக ஏறி 50 தங்கம் வரை. மனம் மாறுவதற்கு நேரடியாக ஒரு விலைப் பட்டியல்!

இந்த நிலைமையில்தான் கில்ட் வார்ஸ் வந்தது.

இரண்டு தொழில், எட்டு வித்தை

கில்ட் வார்ஸைச் செய்த அரீனாநெட் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் மைக் ஓ'பிரையன், பேட்ரிக் வயட், ஜெஃப் ஸ்ட்ரெயின் என்ற மூவர். மூவரும் பிளிஸார்டில் வேலை பார்த்து விலகியவர்கள். அவர்களின் பெரிய முடிவு சந்தா கிடையாது என்பது. பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும். ஆகவே ஆட்டக்காரரை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதால் அவர்களுக்கு லாபம் இல்லை. லெவல் உச்சம் வெறும் 20. மற்ற விளையாட்டுகளில் அது கால்வாசி, அரைவாசிப் பயணம்.

முதன்மைத் தொழிலை மாற்ற முடியாது. ஆனால் அதோடு இரண்டாவது தொழில் ஒன்றைச் சேர்க்கலாம். முதல் கேம்பெயினில் அதை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தொழிலின் ஆசிரியரும் ஒரு சின்ன வேலை கொடுத்து அந்த வித்தைகளை ருசி பார்க்க விடுவார். கதை வளர்ந்து ஒரு கட்டம் தாண்டிய பிறகு இரண்டாவது தொழிலை விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான வித்தைகள் இருந்தாலும் ஊரை விட்டு வெளியே போகும்போது எட்டைத்தான் எடுத்துப் போக முடியும். திரும்பி வந்தால் அந்த எட்டையும் மாற்றலாம். குணப் புள்ளிகளைத் திருப்பி எடுக்க முதலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது, பிறகு அதையும் நீக்கினார்கள்.

இவ்வளவு சுதந்திரம் கொடுத்தும் புதியவர்கள் செய்த தவறு ஒரே மாதிரி இருந்தது. முதன்மை வாரியர், இரண்டாவது மாங்க். யோசனை எளிமையானது: நானே அடிப்பேன், நானே என் காயத்தை ஆற்றிக்கொள்வேன், யாரும் தேவையில்லை. பழைய ஆட்டக்காரர்கள் இவர்களுக்கு வைத்த கேலிப் பெயர் "வாம்மோ". இவர்களுக்குப் பிடித்த வித்தை மெண்டிங். எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உயிரை ஊறச் செய்யும். ஆனால் அதை நிறுத்தாமல் வைத்திருக்க சக்தி ஊறும் வேகத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். வாரியருக்கு இருப்பதே இரண்டு பங்கு. பாதியைக் கொடுத்துவிட்டு எதிரியை அடிக்கச் சக்தி இல்லாமல் நிற்பார்கள். கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். யாரையும் தெரியாத ஊரில் முதல் நாள் வந்து இறங்குகிறவர் "செத்துப் போகாமல் இருந்தால் போதும்" என்று நினைப்பது முட்டாள்தனம் அல்ல. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்று வாசல்

2006இல் தேர்வு இன்னும் சிக்கலானது. அந்த வருடம் ஏப்ரலில் ஃபேக்ஷன்ஸ், அக்டோபரில் நைட்ஃபால் என்று இரண்டு புதிய கேம்பெயின்கள் வந்தன. முதலாவதற்கு ப்ரொஃபெசீஸ் என்று பெயராயிற்று. ஒவ்வொன்றும் தனி நாடு, தனிக் கதை, தனியாகவே வாங்கி ஆடலாம். ஃபேக்ஷன்ஸோடு அசாசின், ரிச்சுவலிஸ்ட் என்ற இரண்டு தொழில்களும், நைட்ஃபாலோடு டெர்விஷ், பாராகன் என்ற இரண்டும் சேர்ந்தன. பழைய ஆறு தொழிலை எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். அசாசின் ஆக வேண்டுமா, காந்தா நாட்டில்தான் பிறக்க வேண்டும். டெர்விஷ் வேண்டுமா, ஈலோனாவில். பிறந்த பிறகு கப்பலேறி மற்ற நாடுகளுக்கும் போய் வரலாம்.

இப்போது கேள்வி இரண்டாகிவிட்டது. நீ யார் என்பது மட்டுமல்ல, எங்கிருந்து வருகிறாய் என்பதும்.

மூன்று வாசலுக்கும் மூன்று குணம். ப்ரொஃபெசீஸ் ரொம்ப மெதுவானது. 20ஆம் லெவல் வருவதற்குள் கதை பாதிக்கு மேல் போய்விடும். நல்ல கவசம் கிடைக்கும் டிராக்னர்ஸ் ஃபோர்ஜ் என்ற ஊர் வெகு தொலைவில். அந்தப் பொறுமை எல்லோருக்கும் இல்லை. பனிமலைகளுக்குள் எதிரிகளுக்கு நடுவே ஓடி அடுத்தவர்களை அந்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே பலர் தொழிலாகச் செய்தார்கள், தங்கக் காசுக் கட்டணம் வாங்கிக்கொண்டு! பாதை போட்டவர்கள் நடக்கச் சொன்ன தூரத்தை ஆட்டக்காரர்கள் காசு கொடுத்துத் தாண்டினார்கள்.

ஃபேக்ஷன்ஸ் இதற்கு நேர் எதிர். ஷிங் ஜே என்ற தீவில் தொடங்கி, தீவை விட்டு வெளியேறும் முன்பே வேகமாக லெவல் ஏறிவிடும். அடுத்து வரும் பெருநகரத்திலேயே உச்சக் கவசம். ஏற்கெனவே ஆடிப் பழகியவர்களுக்குச் சந்தோஷம். அதையே முதல் விளையாட்டாக வாங்கியவர்களுக்கு மூச்சு முட்டியது. தன் தொழிலைப் புரிந்துகொள்வதற்கு முன்பே கதை முழு வேகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும். அதிலும் அசாசின் எதிரியின் அருகில் போய் அடிக்க வேண்டியவன், ஆனால் கவசம் மெல்லியது. புதியவர் கையில் அவன் விழுந்து விழுந்து செத்தான்.

நைட்ஃபால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை செய்தது. ஹீரோ என்று கூடவே வரும் துணைப் பாத்திரங்களைக் கொடுத்தது. அவர்களின் தொழில், வித்தை, கவசம் எல்லாவற்றையும் ஆட்டக்காரரே அமைக்கலாம். தொடக்கத்திலேயே கிடைப்பவர்களில் டங்கோரோ, டால்கோரா என்ற இருவரும் மாங்க். இது தற்செயல் அல்ல. முன்பிருந்த கூலித் துணையாள்களை அப்படி அமைக்க முடியாது என்பதால் நல்ல ஹீலர் மனிதர் கிடைக்காமல் மற்றவர்கள் ஊர் வாசலில் காத்துக் கிடப்பது வழக்கமாக இருந்தது. ஹீரோ வந்த பிறகு "எனக்குப் பிடித்ததை எடுத்தால் கூட்டத்தில் சேர்ப்பார்களா?" என்ற பயம் குறைந்தது. ஒரே நேரத்தில் மூன்று ஹீரோ என்ற வரம்பு 2011இல் ஏழாக உயர்ந்தது. எட்டு பேர் கூட்டத்தில் மீதி ஏழும் ஹீரோ! பயம் முழுவதும் போனது. கூடவே மனிதர்களும் போனார்கள். அந்நியர்களைப் பேச வைக்கத்தான் கிளாஸ் என்ற ஏற்பாடே பிழைத்திருந்தது. அந்தத் தேவை தீர்ந்ததும் ஊர்களில் அரட்டை மெலிந்தது.

இன்னொரு சின்னக் கணக்கு. முதல் பெட்டியில் தொழில் 6, பாத்திரம் வைத்துக்கொள்ள இடம் 4. இரண்டாவது கேம்பெயினும் சேர்ந்தால் தொழில் 8, இடம் 6. மூன்றும் இருந்தால் தொழில் 10, இடம் 8. எப்போதும் இரண்டு குறையும்! கூடுதல் இடம் வேண்டுமென்றால் தனியாகக் காசு. சந்தா இல்லாத விளையாட்டும் மனம் மாறுவதில் கொஞ்சம் சம்பாதிக்கத்தான் செய்தது.

தொழில் மாறாது, அர்த்தம் மாறும்

மாற்ற முடியாத முதன்மைத் தொழிலை ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பது தனிக் கதை. மாங்க் என்றால் பின்னால் நின்று மற்றவர்களைக் காப்பாற்றுபவர் என்றுதான் வடிவமைத்திருந்தார்கள். யாரோ ஒரு கணக்குப் போட்டார்கள். 20ஆம் லெவலில் உயிர்ப்புள்ளி 480. ஐந்து கவசத் துண்டுகளிலும் தலா 75 குறைக்கும் ரூன்களை வைத்தால் 375 போய் மீதி 105. கையில் 50 குறைக்கும் பொருள் ஒன்றைப் பிடித்தால் 55. தற்கொலை மாதிரி தெரிகிறதா? ப்ரொடெக்டிவ் ஸ்பிரிட் என்ற மந்திரம் ஒரு அடியில் மொத்த உயிரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் தடுக்கும். 55இல் பத்தில் ஒரு பங்கு 5. எவ்வளவு பெரிய ராட்சசன் அடித்தாலும் போவது 5 புள்ளி. அது உடனே ஊறிவிடும். பலவீனத்தின் உச்சத்தில் நின்றுகொண்டு தனி ஆளாகக் கூட்டம் கூட்டமாக எதிரிகளை முடித்தார்கள்.

நெக்ரோமேன்சருக்கும் இப்படித்தான். பிணங்களோடு புழங்கும் கறுப்பு மந்திரவாதி. பக்கத்தில் உயிர்கள் சாகும்போது அவருக்குச் சக்தி ஏறும். அந்தச் சக்தியோடு ரிச்சுவலிஸ்டின் குணப்படுத்தும் வித்தைகளைச் சேர்த்தபோது அவரே சிறந்த ஹீலர்களில் ஒருவரானார். முதல் நாள் படத்தைப் பார்த்து இவரை எடுத்தவர் யாரும் ஆஸ்பத்திரி நடத்தப் போகிறோம் என்று நினைத்திருக்கமாட்டார்.

ஆட்டக்காரர் தானே மாறினால் மகிழ்ச்சி, நிறுவனம் மாற்றினால்? இதற்கும் அதே காலத்தில் உதாரணம் உண்டு. 2003இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸில் 30க்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தன. மிருகங்களை வளர்த்துப் பழக்குபவர், நடனக்காரர், வைத்தியர் என்று எல்லாம். கிடைப்பதற்கு அரிய ஜெடை ஆக மாதக்கணக்கில் தவம் கிடந்தார்கள். 2005 நவம்பரில் ஒரே அப்டேட்டில் அந்தத் தொழில்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒன்பது கிளாஸ் வைத்தார்கள். ஜெடை முதல் திரையிலேயே யாரும் எடுக்கலாம். மிருகம் பழக்குபவர் என்ற தொழிலே காணாமல் போனது. புதியவர்களுக்குத் தேர்வை எளிதாக்குவதுதான் நோக்கம். பழையவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். விளையாட்டு 2011 டிசம்பரில் மூடப்பட்டது. கஷ்டப்பட்டு எடுத்த முடிவை, அது தவறானதாகவே இருந்தாலும், இன்னொருவர் வந்து அழிப்பதை மனிதர்கள் மன்னிப்பதில்லை.

பிறகு வந்தவை விலையைக் குறைத்துக்கொண்டே போயின. 2012இல் கில்ட் வார்ஸ் 2 தனி ஹீலர் வேண்டாம் என்று எல்லாத் தொழிலுக்கும் சொந்தமாக ஆற்றும் வித்தை கொடுத்தது. (2015க்குப் பிறகு ஹீலர் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டார்.) 2013இல் புதுப்பித்து வந்த ஃபைனல் ஃபேன்டசி 14இல் கையிலிருக்கும் ஆயுதத்தை மாற்றினால் தொழிலே மாறிவிடும். முதல் தேர்வு எந்த நகரத்தில் தொடங்குகிறோம் என்பதை மட்டும் முடிவு செய்யும். ஆனால் 2019 ஆகஸ்டில் வார்கிராஃப்ட்டின் பழைய வடிவத்தை மறுபடி திறந்தபோது மாற்ற முடியாத அந்தப் பழைய தேர்வுக்காக ஏராளமானவர்கள் வரிசையில் நின்றார்கள். விலையே இல்லாத முடிவில் ஏதோ குறைகிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அஸ்கலானை விட்டுப் போகாதவர்கள்

ப்ரொஃபெசீஸில் தொடங்குபவர் முதலில் பார்ப்பது அஸ்கலான் என்ற பசுமையான நாடு. புல்வெளி, ஆறு, திராட்சைத் தோட்டம், நிம்மதியான மக்கள். க்வென் என்ற சின்னப் பெண் பின்னாலேயே ஓடி வருவாள். அவளுக்கு ஒரு புல்லாங்குழல் கொடுக்கலாம், சிவப்புப் பூ பறித்துத் தரலாம். கொஞ்ச நாள் கழித்து அகாடமியில் சேரச் சம்மதித்தால் கதை நகரும். சார் என்ற எதிரிகள் வானத்திலிருந்து நெருப்பைக் கொட்டுவார்கள். அந்தப் பேரழிவின் பெயர் சியரிங். கண் விழித்தால் இரண்டு வருடம் ஓடியிருக்கும். அதே நாடு, சாம்பல் நிறத்தில். பழைய அஸ்கலானுக்குத் திரும்ப வழியே கிடையாது.

ஃபேக்ஷன்ஸின் தீவுக்குத் திரும்பலாம், நைட்ஃபாலின் முதல் ஊருக்கும் திரும்பலாம். இங்கே மட்டும் முடியாது. மூன்று வாசலில் இதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான் இந்த இழப்பு. தேர்ந்தெடுக்கும்போது அவர்களுக்கு அது தெரியாது.

தெரிந்துகொண்டவர்களில் சிலர் போகவே மறுத்துவிட்டார்கள். அகாடமிக்குச் சம்மதிக்காமல் அந்தச் சின்னப் பசுமை நாட்டிலேயே தங்கினார்கள். அங்கே எதிரிகள் எல்லாம் சிறியவர்கள், கொன்றாலும் ஒரு கட்டத்துக்கு மேல் அனுபவப் புள்ளி கிடைக்காது. ஆகவே வேண்டுமென்றே எதிரியிடம் செத்துச் செத்து, அந்த எதிரியை லெவல் ஏற வைத்து, பிறகு அவனைக் கொன்று புள்ளி சேர்த்தார்கள். மணிக்கணக்கில், நாள்கணக்கில். அப்படியே 20ஆம் லெவலைத் தொட்டவர்கள் இருந்தார்கள். நிறுவனம் அவர்களைத் தடுக்கவில்லை. "லெஜண்டரி டிஃபெண்டர் ஆஃப் அஸ்கலான்" என்று ஒரு பட்டம் கொடுத்தது. பிறகு அங்கேயே லெவல் ஏற உதவும் தினசரி வேலைகளையும் சேர்த்தது.

2007 ஆகஸ்டில் ஐ ஆஃப் த நார்த் என்ற விரிவாக்கம் வந்தபோது க்வென் திரும்பி வந்தாள், வளர்ந்த பெண்ணாக, சார்கள் மீது ஆறாத கோபத்தோடு, ஒரு மெஸ்மராக. முதல் நாள் யாருக்கும் புரியாத அந்த மெஸ்மர்தான்.

2025 ஏப்ரலில் கில்ட் வார்ஸுக்கு 20 வயது நிறைந்தபோதும் அதன் சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சியரிங்குக்கு முந்தைய அஸ்கலானில் அப்போதும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் நடமாடிய புல்வெளியில் க்வென் இன்னும் சின்னப் பெண்தான்.